ரொட்டிப் பூசணமும் வாதநோய் மருந்தும்

ஈரக்காற்று மிகுந்த நம் ஊர்களில் ரொட்டியை இரண்டு மூன்று நாள் மறந்து வைத்துவிட்டால், அதன்மேல் வெண்பஞ்சுபோல் ஒன்று படர்ந்து பின்னர்க் கரும்புள்ளிகள் தோன்றுவதைக் காண்கிறோம். ‘ரைஸோப்பஸ்’ என்னும் பூசணம் அது. சோயா அவரையைத் தெம்பேயாகக் கட்டித் தருவதும் இதன் இனமே. இரசாயன நூலாரைப் பெரிதும் வருத்திய ஒரு வேலையை இவ்வினப் பூசணம் 1952-ஆம் ஆண்டில் ஒரே படியில் செய்து காட்டியது.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணொருவருக்கு டாக்டர் பிலிப் ஹெஞ்ச் ‘கார்ட்டிஸோன்’ மருந்தை ஊசிமூலம் செலுத்தினார். சில நாட்களில் அப்பெண் எழுந்து நடந்தார். நோய் வேரோடு நீங்கிவிடவில்லை. மருந்தை நிறுத்தினால் வலி திரும்பும். நெடுநாள் கொடுத்தால் முகம் ஊதுதல் முதலிய கேடுகளும் உண்டு. ஆயினும் செய்தி பரவியதும் எங்கணும் மருந்து கேட்டனர். மருந்தோ இல்லை!

கார்ட்டிஸோன் நம் சிறுநீரகங்களின் உச்சியில் அமர்ந்துள்ள சுரப்பிகளைச் சார்ந்த பொருள். மெர்க் கம்பெனியார் மாட்டுப் பித்தநீரிலுள்ள ஓர் அமிலத்தை எடுத்து, முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் அதனை ஆக்கினர். 1949-இல் ஒரு கிராம் 200 டாலர். ஹெஞ்ச் கொடுத்ததோ நாளொன்றுக்கு 100 மில்லிகிராம். அதாவது, வலியின்றி ஒரு நாளைக் கழிக்க 20 டாலர் வேண்டும்!

தொல்லை எங்கே? ஸ்டீராய்டு என்பது நான்கு வளையங்கள் பின்னிய கரி அணுக்கூட்டம். அணுக்களுக்கு எண் இட்டிருக்கிறார்கள். 11-ஆம் அணுவில் பிராணவாயு இருந்தால்தான் கார்ட்டிஸோன் கார்ட்டிஸோனாகும். பித்தநீர் அமிலத்தில் அது 12-இல் நிற்கிறது. அடுத்த வீட்டிற்குக் குடிபெயர்க்கத்தான் அத்தனை பாடு! மெக்ஸிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து ‘புரோஜெஸ்ட்டிரோன்’ என்னும் ஸ்டீராய்டை மலிவாகச் செய்யும் வழியை ரஸ்ஸல் மார்க்கர் 1940-களில் கண்டிருந்தார். ஆனால் அதில் 11-இன் பக்கத்தில் பிராணவாயுவே இல்லை. புகுத்துவதற்குப் பிடியும் இல்லை.

அமெரிக்காவின் அப்ஜான் கம்பெனியைச் சேர்ந்த பீட்டர்ஸன், மர்ரே இருவரும் பூசணங்களை நாடினர். சன்னலோரம் திறந்து வைத்த தட்டில் காற்றோடு வந்து விழுந்து முளைத்த ரைஸோப்பஸே முதலில் வழி காட்டியது என்பர். அது வளரும் நீரில் புரோஜெஸ்ட்டிரோனை இட்டதும், பூசணம் பிராணவாயுவைப் பிழையாமல் 11-இல் சேர்த்தது. காரணம் அதன் உடலிலுள்ள நொதி. பொற்கொல்லர் குறட்டில் நகையைப் பிடிப்பதுபோல் அது ஸ்டீராய்டை ஒரே நிலையில் பற்றிக்கொள்கிறது. பிராணவாயு ஏந்திய இரும்பணுவின் முன் 11-ஆம் அணுவே வந்து நிற்கும். அந்நியப் பொருளை நீரில் கரையச் செய்து வெளியேற்றும் தற்காப்பே பூசணத்தின் நோக்கம் எனக் கருதுகின்றனர். வாதநோயாளியை அது அறியாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ரைஸோப்பஸ் பிராணவாயுவை வளையத்தின் கீழ்ப்புறத்தில் சேர்க்கிறது. உடலிலுள்ள ஹைட்ரோ கார்ட்டிஸோனில் அது மேற்புறத்தில் உள்ளது. கார்ட்டிஸோனுக்கு இதனால் தடையில்லை. அடுத்த படியில் மேல் கீழ் என்னும் வேற்றுமையே மறைந்துவிடும். ஹைட்ரோ கார்ட்டிஸோனுக்கோ மேற்புறத்திலேயே சேர்க்கவல்ல ‘கர்வுலேரியா’ என்னும் வேறொரு பூசணத்தைத் தேடிப் பிடித்தனர்.

இவ்வழி வந்தபின் கார்ட்டிஸோன் விலை கிராமுக்கு 6 டாலர் அளவுக்கு இறங்கியது. இன்று கிழங்கின் இடத்தைப் பெரும்பாலும் சோயா எண்ணெயின் கழிவிலிருந்து எடுக்கும் ஸ்டீரால்கள் பிடித்துள்ளன. அவற்றின் நீண்ட வாலை அரித்தெடுக்கும் வேலைக்கு பாக்டீரியாக்களை அமர்த்தியிருக்கிறார்கள்.