விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம்

மைசூருக்கு நம்மவர் வந்து சேர்ந்ததற்குக் காரணங்கள் பல. எங்களைப் போன்ற ரயில்வேக்காரர்களின் காரணம் எளியது. 1951 ஏப்ரல் 14ஆம் தேதி மைசூர் அரசு ரயில்வே, தென்னிந்திய ரயில்வே, மதராஸ் – தெற்கு மராட்டா ரயில்வே ஆகிய மூன்றும் இணைந்து தெற்கு ரயில்வே ஆயின. தலைமையிடம் சென்னை. விழுப்புரத்தில் வேலை பார்த்தவர் ஒரு மாற்றல் உத்தரவில் மைசூருக்கோ அரசிகெரேக்கோ வந்து இறங்குவார். 2003 ஏப்ரலில் ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மேற்கு ரயில்வே அமைந்தபோது மைசூர் கோட்டம் அதில் சேர்ந்தது. நாங்களும் இங்கேயே நிலைத்துவிட்டோம்.

நிலைத்தவர்கள் நாலு பேர் கூடினால் மூன்று குறைகள் பேச்சில் வரும். பள்ளியில் பிள்ளைக்குத் தமிழ் இல்லை; ஓய்வு பெற்றால் இருக்க வீடு இல்லை; எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரு தாள் குறைகிறது. இந்த மூன்றுக்கும் விதி என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிந்தவரை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பள்ளி. 1956இல் வந்த ஏழாவது திருத்தத்தின் வழியே அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்து தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் சாரம். ‘முயல வேண்டும்’ என்றுதான் இருக்கிறது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். எத்தனை பிள்ளைகள் இருந்தால் முயல வேண்டும்? அந்தக் கணக்கை 1949 ஆகஸ்டிலேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு வகுத்துவிட்டது. பள்ளி முழுவதிலும் 40 பேர், அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் அம்மொழிக்காரர்களாக இருந்தால் ஓர் ஆசிரியரையாவது நியமிக்க வேண்டும். விருப்பத்தை முன்கூட்டியே பதிவு செய்ய ஒரு பதிவேடு வைக்க வேண்டும் என்பதும் பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்ட ஏற்பாடு.

ஆனால், இந்த 40 பேரை எண்ண யாரும் வீடு வீடாக வரப்போவதில்லை. சேர்க்கைப் படிவத்தில் ‘தாய்மொழி’ என்ற கட்டத்தில் பெற்றோர் எழுதியதுதான் கணக்கு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியர் கேட்டு நாலைந்து பேர் போனோம். அந்தப் பள்ளியில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஐம்பதுக்குக் குறையாது. தலைமையாசிரியர் பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். தமிழ் என்று இருந்தது ஒன்பது பெயர்களுக்கு எதிரில்தான். மற்றக் கட்டங்களில் கன்னடம், ஆங்கிலம் என்று இருந்தது. சில வெறுமையாகவே கிடந்தன. நாங்கள் பேசாமல் திரும்பி வந்தோம்.

ஏன் இப்படி எழுதினார்கள்? 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவையொட்டிக் கலவரம் மூண்டதை நாம் மறக்கவில்லை. அதன் பிறகு அஞ்சிக் ‘கன்னடம்’ என்று எழுதிய குடும்பங்களை அறிவேன். அந்த அச்சத்தை நான் குறை கூற மாட்டேன். அச்சம் தணிந்த பின்னும் அந்த வழக்கம் அப்படியே தொடர்கிறதே என்பதுதான் வருத்தம்.

நீதிமன்றத் தீர்ப்பும் நம் கையில் இருக்கிறது. நாலாம் வகுப்பு வரை தாய்மொழி அல்லது கன்னடமே பயிற்றுமொழி என்ற 1994ஆம் ஆண்டுக் கர்நாடக அரசாணை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2014 மே 6ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. பிள்ளையின் தாய்மொழி எது என்று தீர்மானிப்பவர் பெற்றோரே. அரசு அதை வற்புறுத்த முடியாது என்றது. ஆங்கிலவழிப் பள்ளிகள் இந்தத் தீர்ப்பைக் கொண்டாடின. ‘தமிழ்’ என்று எழுதும் உரிமையும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர்தாம் குறைவு.

அடுத்தது வீடு. ரயில்வே குடியிருப்பில் ஓய்வுக்குப் பின் நான்கு மாதம் வழக்கமான வாடகையிலும், மேலும் நான்கு மாதம் இரட்டிப்பு வாடகையிலும் இருக்கலாம். அதற்கு மேல் தங்கினால் அபராத வாடகை, பணிக்கொடையும் தடைபடலாம். முப்பது ஆண்டுகள் குவார்ட்டர்ஸிலேயே காலம் கழித்தவருக்கு எட்டு மாதம் எந்த மூலைக்கு? அரசு வளர்ச்சி ஆணையங்களில் மனை கேட்கலாம் என்றால், மாநிலத்தில் பல ஆண்டுகள் வசித்ததற்குச் சான்று வேண்டும். என் நண்பர் ஒருவர் கர்நாடகத்தில் இருபத்தெட்டு ஆண்டு வேலை பார்த்தவர். வாக்காளர் பட்டியலிலும் ரேஷன் அட்டையிலும் அவர் பெயர் தஞ்சாவூர் கிராமத்திலேயே இருந்தது. எந்த அலுவலகத்தின் ஜன்னலிலும் அந்த இருபத்தெட்டு ஆண்டுகளை அவரால் நிரூபிக்க முடியவில்லை.

மூன்றாவது, நம் பிள்ளைகளின் மேற்படிப்பும் வேலையும். கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வின் வழியே அரசு இடம் பெறுவதற்குரிய பொதுவான தகுதி, இம்மாநிலத்தில் குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் படித்திருப்பது. பாட்டி வீட்டில் விட்டுப் படிக்கவைத்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் இங்கே அழைத்து வருவோர் இதை முன்னதாகவே எண்ணிப்பார்க்க வேண்டும். சாதிச் சான்றிதழும் அப்படியே. ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் உள்ளவர், குடிபெயர்ந்த மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவற்றையெல்லாம் கன்னடத்தோடு ஒரு வழக்காக யாரும் எண்ண வேண்டாம். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கன்னடம் ஒரு பாடமாயிற்று. நல்லதுதான். நாம் உண்ணும் சோறு இந்த மண்ணுடையது. நம் பிள்ளைகள் கன்னடத்தைப் பிழையின்றி எழுதட்டும். கர்நாடகப் பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழையும் முதல் மொழியாக எழுத இடமிருக்கிறது. ஒன்றைக் கற்க மற்றொன்றை விடவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் நம் ஊரில்தான் இருக்கிறது. செம்மொழித் தமிழுக்கான மையம்கூட 2006 முதல் 2008 வரை இங்கே இயங்கிவிட்டுத்தான் சென்னைக்குப் போயிற்று. அப்பேர்ப்பட்ட ஊரில் நம் பேரப்பிள்ளைகள், தாத்தா எழுதிய கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாமல் வளர்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் சான்றிதழ் பாடங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் பள்ளியில் ஓர் ஆசிரியர் இருப்பதற்கு அது ஈடாகாது.

ஆகவே, வரும் சேர்க்கைக் காலத்தில் ஒவ்வொரு பெற்றோரும் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும். தாய்மொழிக் கட்டத்தில் ‘தமிழ்’ என்று எழுதுங்கள். தமிழ் வேண்டும் என்ற விருப்பத்தைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். வாக்காளர் பட்டியலில் பெயரை இந்த ஊர் முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பதிவேட்டில் நாற்பது பெயர் சேர்ந்தபின் நாங்கள் மறுபடியும் அதே தலைமையாசிரியரிடம் போகிறோம்.