ஆரம்பக் கூட்டம்

சர்க்கார் இலாகா ஒன்று புதிதாக வலைத்தளம் அமைக்கத் தீர்மானித்தால், சம்பந்தப்பட்டவர்களைக் கூட்டி ஆலோசிப்பது முதற் காரியமாக இருந்து வருகிறது. வழக்கம் நல்லதே. ஆனால், பெரிய உத்தியோகஸ்தர் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்ய, மற்றவர்கள் தலையசைத்துக் காப்பி அருந்திக் கலைவதை ஆலோசனை என்று நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

அமெரிக்கச் சர்க்காரின் அநுபவம் இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. 2010-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வைத்திய இன்ஷ்யூரன்ஸை ஜனங்கள் ஒப்பிட்டு வாங்குவதற்கென ஏற்பட்ட ஹெல்த்கேர்.கவ் என்னும் தளம் 2013 அக்டோபர் 1-ந் தேதி திறக்கப்பட்டது. 36 ராஜ்யங்களின் ஜனங்கள் அதனையே நம்பியிருந்தனர். முதல் நாளன்று காரியத்தை முடித்து வெளிவந்தவர்கள் ஆறே பேர்! ஐம்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் பகுதி பகுதியாக வேலை செய்தன. எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துப் பரீட்சித்ததோ கடைசி இரண்டு வாரங்களில்தான். இன்ன விலையென்று பார்க்க வந்தவனும் முதலில் கணக்குப் பதிய வேண்டும் என்று விதித்திருந்தபடியால், கூட்டம் வாசலிலேயே முட்டி நின்றது. நோயாளி என்ற காரணத்தால் கம்பெனிகள் பல வருஷங்களாகத் தள்ளிவிட்டவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர் என்பதை மறக்கலாகாது.

பிறகு பழுதுபார்க்க வந்தவர்களில் மைக்கி டிக்கர்ஸன் என்ற என்ஜினியர் ஒருவர். நாள்தோறும் இருவேளை கூட்டம் நடந்தது. அவர் சுவரில் ஒட்டிய விதிகளில் ஒன்று, விஷயத்தை நன்கறிந்தவரே பேச வேண்டும், பதவியில் உயர்ந்தவர் அல்ல என்பது. மற்றொன்று, பழி சுமத்துவதற்கு அது இடமல்ல என்பது. 2014 ஏப்ரலுக்குள், ராஜ்யங்களே நடத்திய தளங்களையும் சேர்த்து, 80 லட்சம் பேர் இன்ஷ்யூரன்ஸ் தெரிந்தெடுத்தனர். இடிந்தபின் சுவரேறிய இவ்விதி அஸ்திவாரத்தின்போதே ஏறியிருக்கக் கூடாதா என்பதே நமது கேள்வி.

வழி கடினமானதன்று. நியாய ஸ்தலங்களில், ஒரு சாட்சி சொல்வதை அடுத்த சாட்சி கேளாதபடி வெளியே நிறுத்தி வைப்பதுண்டு. அதே காரணத்தை முன்னிட்டு, கூட்டத்தில் எவரும் வாய் திறக்குமுன் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, இத்தளத்திற்கு வருகிறவன் எதற்காக வருவான், எங்கே இடறுவான் என்று தனித்தனியே எழுதச் சொல்ல வேண்டும். சீட்டுகளைச் சுவரில் ஒட்டிப் பெயர் சொல்லாமல் படித்தால், நாள் முழுதும் டெலிபோனில் ஜனங்களின் குறைகளைக் கேட்கும் குமாஸ்தாவின் சீட்டு காரியதரிசியின் சீட்டுக்குச் சமமாகிவிடும். பெரும்பாலும் மேலானதாகவும் இருக்கும். பின்னர், பக்கங்களைக் காகிதத்தில் வரைந்து, வெளியார் ஒருவரிடம் கொடுத்து மனுவைப் பூர்த்தி செய்யச் சொல்லிப் பார்க்கலாம். விலை தெரியுமுன் கணக்கு எதற்கு என்று அவர் அரை நிமிஷத்தில் கேட்டுவிடுவார். எதை இப்பொழுது செய்வது, எதை விட்டுவிடுவது, முடிவு யாருடையது என்பவற்றையும் அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

இரண்டு நாள் வீணாகுமே என்பார்கள். அமெரிக்காவில் பழுது பார்ப்பதற்கே இரண்டு மாதம் சென்றது. மனுப் போடுகிறவர்களில் நால்வருக்கேனும் அழைப்புப் போகாதிருந்தால், அத்தகைய கூட்டத்தை ஒத்திவைப்பதே மேல் என்பது நமது அபிப்பிராயம்.