கைரேகை வைக்க மறுத்த கிராமம்!
துப்பாக்கிச்சூட்டில் 16 பேர் பலி. 27 வருஷம் கழித்து ஒழிந்தது சட்டம்

பாடாலூரில் கடையைச் சாத்திவிட்டு ராத்திரி பஸ்சில் திருச்சிக்குக் கிளம்பும் வியாபாரியை, "யாரைக் கேட்டுப் போறே? சீட்டு இருக்கா?" என்று எந்தப் போலீஸ்காரரும் மடக்குவது இல்லை.

ஆனால் இதே தமிழ்நாட்டில், ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வாங்கியே ஆக வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது. சீட்டு இல்லாமல் சிக்கினால் ஜெயில்!

அந்தச் சட்டத்தை எதிர்த்து உயிரைக் கொடுத்த கிராமம், மதுரை மாவட்டம் உசிலம்பட்டி பக்கம் உள்ள பெருங்காமநல்லூர்.

பிறந்தாலே குற்றவாளி

வெள்ளைக்காரர்கள் 1871-ல் வடக்கே கொண்டு வந்த சட்டம் அது. பெயர் குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-ல் அதைத் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஜனங்கள் வைத்த பெயர், ரேகைச் சட்டம்.

இந்தச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளத் திருட வேண்டியது இல்லை. சர்க்கார் பட்டியலில் உள்ள சாதியில் பிறந்தால் போதும்! பிரமலைக் கள்ளர், குறவர் என்று பல சமூகத்தார் இதில் சிக்கினார்கள்.

வயது வந்த ஆண்களின் பத்து விரல் ரேகையும் போலீஸ் ரிஜிஸ்தரில் ஏறும். ராத்திரி கூப்பிட்ட நேரத்துக்கு வந்து ஆஜர் கொடுக்க வேண்டும். வெளியூர் போக "ராதாரிச் சீட்டு" வாங்க வேண்டும். பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்றாலும் இதே கதிதான்.

1920 ஏப்ரல் 3

"நாங்க வெள்ளாமை செஞ்சு பிழைக்கிறவங்க, எங்களுக்கு எதுக்கு ரேகை?" என்பதுதான் பெருங்காமநல்லூர்க்காரர்களின் கேள்வி. ரேகை வைக்க மாட்டோம் என்று ஊரே ஒரே பேச்சாக நின்றது.

1920 ஏப்ரல் 3-ந்தேதி ஆயுதப் போலீசார் ஊருக்குள் புகுந்தார்கள். வாக்குவாதம் முற்றியது. துப்பாக்கி வெடித்தது. 16 பேர் மாண்டார்கள்.

அதில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவரைத்தான் கொன்றார்கள் என்று ஊரார் இன்றும் சொல்கிறார்கள். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரை நடத்திக் கொண்டு போனார்கள்.

ரோசாப்பூ துரை

கைதானவர்களுக்காக வாதாட வந்தவர் மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்துக்காரர். ஜனங்கள் அவரை "ரோசாப்பூ துரை" என்று பாசமாகக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள்!

அதன் பிறகு முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய் ரேகைச் சட்டத்தை எதிர்த்தார். கம்யூனிஸ்டு தலைவர்கள் ஜீவானந்தம், பி.ராமமூர்த்தி ஆகியோரும் குரல் கொடுத்தார்கள்.

1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. நாடு முழுவதும் ஒழிந்தது 1952 ஆகஸ்டு 31-ல்.

ஆனால் வாலைச் சுருட்டவில்லை. சென்னை மாகாணத்தில் 1948-லேயே "வாடிக்கைக் குற்றவாளிகள்" சட்டம் வந்துவிட்டது. சாதிப் பெயர் போனது. சந்தேகக் கண் போகவில்லை.

இப்போது என்ன சட்டம்?

பெருங்காமநல்லூரில் துப்பாக்கி வெடித்த அதே 1920-ல், கைதிகளின் ரேகையை எடுக்கத் தனியாக ஒரு சட்டம் வந்தது. அது நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. 2022-ல் அதை எடுத்துவிட்டுப் புதுச்சட்டம் போட்டார்கள்.

கைரேகையோடு கருவிழிப் பதிவு, ரத்த மாதிரி எல்லாம் இப்போது எடுக்கலாம். ரிக்கார்டை 75 வருஷம் வைத்திருக்கலாம்.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இரண்டு:

ஒன்று: 7 வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள வழக்கில் கைதானவர், ரத்தம் போன்ற மாதிரிகளைத் தர மறுக்கலாம். பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றம் என்றால் மறுக்க முடியாது.

இரண்டு: முன்பு ஜெயில் தண்டனைக்குரிய வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகாத ஒருவர், அப்பீல் எல்லாம் முடிந்து விடுதலையானால், அவருடைய ரிக்கார்டை அழித்துவிட வேண்டும். வேண்டாம் என்றால், காரணம் எழுதிக் கோர்ட்டு உத்தரவு போட வேண்டும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ந்தேதி ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்.

பெருங்காமநல்லூர்க்காரர்கள் கேட்டபோது இப்படி ஒரு தீர்ப்பும் கிடையாது, ஓட்டும் கிடையாது. "எதுக்கு?" என்ற ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்க இன்றைக்கு யாரும் உயிரைக் கொடுக்க வேண்டியது இல்லை. ஸ்டேஷனில் பேப்பரை நீட்டினால், எந்தச் சட்டம், எந்த வழக்கு என்று கேட்டுவிட்டு விரலை வையுங்கள்!