வருண லிங்கத்துக்கு அடுத்தது எது?

பௌர்ணமிதோறும் கிரிவலம் போவது என் மாமியாரின் பல வருஷத்துப் பழக்கம். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கம் வரை எட்டுப் பெயரையும் என் பெண்ணுக்கு வரிசையாகச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். போன வருஷம் ஒரு நாள், வருண லிங்கம் தாண்டியதும் நின்று விட்டார்.

"அடுத்தது எதும்மா?"

வயசானால் மறதி வராதா என்று விட்டு விட்டோம். அடுத்த மாதம் இரண்டு தடவை பால் பொங்கி அடுப்பே அணைந்து, காஸ் வாடை. அப்புறம்தான் டாக்டரிடம் ஓடினோம். மறதி என்று வந்தால் இவர் கையில் பட்டையைக் கட்டுகிறாரே என்று எனக்கு உள்ளூர எரிச்சல்! 170/100 இருந்தது.

"மாத்திரை சாப்பிடறீங்களா பாட்டி?"

"தலைசுத்தல் நின்னு போச்சு, நானும் நிறுத்திட்டேன்."

மூளையின் எடை உடம்பில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் நாம் உபயோகிக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே வேண்டும். அதை ரத்தத்தில் அனுப்புவது இதயம். கொதிப்பு வருஷக்கணக்கில் நீடித்தால் மூளையின் உள்ளே ஓடும் மெல்லிய குழாய்கள் தடித்துப் போகும். நமக்குத் தெரியாமலே சின்னச் சின்ன அடைப்புகள் விழும். அப்போது பெயர்களை விட முதலில் தடுமாறுவது வரிசைதான். எதற்குப் பின் எது என்பது குழம்பும், வேலை மந்தமாகும்.

அமெரிக்காவில் 9,000 பேருக்கு மேல் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2019ல் வந்தது. மேல் அளவை 140க்குப் பதிலாக 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு ஆரம்பக்கட்ட மறதி சுமார் 19 சதவீதம் குறைவு. முற்றிய மறதி நோயில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்காக எல்லாப் பெரியவர்களுக்கும் 120 என்று நாமே முடிவு கட்டக் கூடாது. ரொம்பக் குறைந்தாலும் மயங்கி விழுவார்கள். டாக்டர் சொல்லட்டும்.

மாமியார் சமாசாரம்தானே என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள்! நடுவயதுக் கொதிப்புதான் பின்னாளில் மூளையைப் பதம் பார்க்கிறது. கர்ப்ப காலத்தில் பி.பி. ஏறியிருந்தவர்கள், பிரசவத்தோடு போச்சு என்றிராமல் வருஷம் ஒரு முறையாவது பார்த்துக் கொள்ளுங்கள். மாத்திரை வாங்க அலைய முடியாத பெரியவர்களுக்கு, 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள்.

மாதம் ஒரு நாள் 14 கிலோமீட்டர் நடந்தால் போதாதாம். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நடை வேண்டும். உப்பு, நாள் முழுவதற்கும் ஒரு டீஸ்பூனுக்குள்.

மாமியாரின் மறதி முழுசும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வாயு லிங்கம் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. ஆனால் ஊறுகாய் ஜாடியை நான் பரணில் எங்கே ஒளித்து வைத்தேன் என்பது மட்டும் அவருக்கு ஒரு நாளும் மறப்பதில்லை!