கருவறைக்குள் புகுந்த பஞ்சம்

1944 செப்டம்பர் 17 அன்று நேச நாட்டு வான்குடைப் படையினர் டச்சு நாட்டின் ஆர்னெம் நகரருகே இறங்கினர். ரைன் ஆற்றுப் பாலத்தைக் கைப்பற்றிச் செருமனிக்குள் புகுவது அவர்கள் நோக்கம். அம்முயற்சிக்குத் துணையாக, இலண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த டச்சு அரசு தன் நாட்டுத் தொடர்வண்டித் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. வண்டிகள் நின்றன, பாலமோ கைக்கு வரவில்லை. நாட்டைக் கைப்பற்றி ஆண்டுவந்த செருமன் ஆட்சி சினங்கொண்டு, மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு செல்லும் வழிகளை அடைத்தது. நவம்பரில் படகுகளுக்கு மட்டும் இசைவு கிடைத்தது. ஆயினும் அவ்வாண்டின் கடுங்குளிரில் கால்வாய்களே உறைந்து போயின.

நவம்பர் முடிவதற்குள் ஆம்சுடர்டாமில் ஒருவருக்கான நாட்பங்கீடு 1,000 கலோரிக்குக் கீழே இறங்கியது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அது பெரும்பாலும் 400 முதல் 800 கலோரி வரைதான். மக்கள் துலிப் பூக்கிழங்குகளை வேகவைத்து உண்டனர்; குளிர்காய வீட்டுக் கதவுகளைப் பிளந்து எரித்தனர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். 1945 மே மாதத் தொடக்கத்தில் நாடு விடுதலை பெற்றது. சில வாரங்களில் உணவு மீண்டும் நிறைந்தது.

வரலாற்று நூல்கள் இவ்விடத்தில் அடுத்த இயலுக்குப் போய்விடும். உடலின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

பிற பஞ்சங்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்து, நோயோடும் இடப்பெயர்வோடும் கலந்து, எது எதன் விளைவு என்று பிரித்தறிய முடியாதபடி ஆகிவிடும். இப்பஞ்சத்துக்கோ தொடக்கமும் முடிவும் துலக்கமாக இருந்தன. அதற்கு முன்னும் பின்னும் மக்கள் போதிய அளவு உண்டவர்கள். அனைத்தினும் மேலாக, அந்தக் குளிரிலும் பசியிலும் மருத்துவமனைகளில் பிறப்பேடுகள் எழுதப்பட்டன. குழந்தையின் எடை குறிக்கப்பட்டது. பட்டினியால் தளர்ந்த கைகளும் அன்று எழுதியிருக்கும். அவ்வெழுத்துகளை வணங்கத் தோன்றுகிறது. ஒரு குழந்தை கருவில் எந்த மாதத்தில் இருந்தபோது தாய் பசித்திருந்தாள் என்பதைப் பல பத்தாண்டுகள் கழித்தும் கணக்கிட முடிந்தது அவற்றால்தான்.

1976-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, படைப்பணிக்காக உடற்சோதனை செய்யப்பட்ட 19 அகவை இளைஞர் 3,00,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்தது. கருக்காலத்தின் முதற்பாதியில் பஞ்சத்துக்கு ஆட்பட்டோரிடையே உடற்பருமன் மிகுந்திருந்தது. கருக்காலத்தின் இறுதியிலும் பிறந்த தொடக்க மாதங்களிலும் ஆட்பட்டோரிடையே அது குறைந்திருந்தது. தாயின் பசி ஒன்றே. அது நேர்ந்த மாதம் மாற, விளைவும் நேரெதிராக மாறியது.

பின்னர், ஆம்சுடர்டாம் மருத்துவமனை ஒன்றில் 1943 நவம்பர் முதல் 1947 பிப்ரவரி வரை பிறந்த 2,414 பேரைத் தொடர்ந்தனர் ஆய்வாளர். கருவளர்ச்சியின் கடைப்பகுதியில் பசிக்கு ஆட்பட்டவர்கள் எடை குறைந்து பிறந்தவர்கள். தொடக்கத்தில் ஆட்பட்டவர்களோ இயல்பான எடையோடு பிறந்து, எக்குறையும் இல்லாதவர்களாகத் தோன்றினர். நடு அகவையில் இவர்களிடமே இதயக் குருதிக்குழாய் நோய் மிகுதியாகக் காணப்பட்டது. பிறந்த குழந்தையைத் தராசில் இட்டு, நலமென்று மகிழ்ந்த தாயை எண்ணிப் பார்க்கிறேன். தராசு பொய் சொல்லவில்லை. காட்ட வேண்டியதைக் காட்டும் ஆற்றல் அதற்கு இல்லை.

இச்சுவடு உடலில் எங்கே பதிகிறது? மரபணுவின் எழுத்துகள் பஞ்சத்தால் மாறுவதில்லை. ஆனால் அவ்வெழுத்துகளின் மேல் மீத்தைல் என்னும் சிறு வேதித் தொகுதிகள் ஒட்டிக்கொள்கின்றன. எந்த மரபணு எவ்வளவு இயங்க வேண்டும் என்பதை நெறிப்படுத்துவதில் அவற்றுக்குப் பங்குண்டு. கருத்தரித்த காலத்தில் பஞ்சம் சூழ்ந்திருந்தவர்களை, பஞ்சம் தீண்டாத அவர்தம் உடன்பிறந்தாரோடு 2008-இல் ஒப்பிட்டனர். உடல் வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மேல் அத்தொகுதிகள் குறைவாக இருந்தன. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அக்குறி அழியவில்லை. நோய்களுக்கு இதுவே காரணம் என்று இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1943-இன் வங்கப் பஞ்சமும் இதே போரின் நிழலில் விளைந்ததுதான். அங்கே மடிந்தோர் இருபது இலக்கத்துக்கும் மேல். ஆயினும் கருக்காலப் பசியைப் பற்றி அறிவியல் நூல்கள் பெரிதும் பேசுவது டச்சுப் பஞ்சத்தையே. அளந்து எழுதப்பட்ட துயரம் ஆய்வுக்குக் கிட்டியது. எழுதப்படாத துயரம் இறந்தோர் எண்ணிக்கையாகச் சுருங்கிவிட்டது. இது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது.

டச்சு நாட்டில் அந்தக் குளிர்காலத்தில் கருவில் இருந்தோர் இன்று எண்பதைத் தொட்டுக் கடந்துவிட்டனர். போரில் அவர்களுக்கு எப்பங்கும் இல்லை. அவர்கள் அப்போது பிறக்கவே இல்லை. முற்றுகையிட்ட ஊருக்கு உணவு அனுப்புவோரிடமும், அதைத் தடுத்து நிற்போரிடமும் இந்த ஆய்வுகளை வைத்து ஒன்று கேட்கலாம்: அடைபட்ட ஊருக்குள் நுழையும் முதல் உணவு வண்டியின் முதற்பங்கு, கருவுற்ற பெண்ணுக்குப் போகட்டும்.