முதல் பிள்ளைக்குக் காத்திருக்கும் வீட்டில்

"ஏதாவது விசேஷம் உண்டா?" என்று ஊரிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு ஒருவழியாக "ஆமாம்" என்று சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு போன் ஓய்வதில்லை. மாமியார் குங்குமப்பூ அனுப்புகிறார். பெரியம்மா பப்பாளியைத் தொடாதே என்கிறார். அம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது, எட்டாம் மாதம் வந்துவிடுவார். அதுவரை எடிசனிலோ ஃப்ரீமாண்ட்டிலோ டாலஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோவிலோ ஒரு அபார்ட்மெண்ட்டில், கணவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு, அவளும் வயிற்றுப் பிள்ளையும் மட்டும். பகல் நீளமானது. அதனால்தான் நம் பெண்கள் பலர் இந்த மாதங்களில் தைக்கவும், குரோஷே பின்னவும், இதுவரை செய்யாத பட்சணங்களைச் செய்து பார்க்கவும் தொடங்குகிறார்கள். நல்லதுதான், கைக்கு வேலை இருந்தால் மனது அலையாது. இந்த முறை நம் உடல்நலப் பகுதியில் அந்த வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்று போய் வருவோம்.

முதலில் அடுப்படி. 24 முதல் 28 வாரங்களுக்குள் டாக்டர் ஒரு சர்க்கரைத் தண்ணீர் சோதனைக்கு அனுப்புவார். 50 கிராம் க்ளூகோஸ் கலந்த, பல்லைக் கூசவைக்கும் பானம். குடித்து ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அளவு கூடியிருந்தால் இன்னொரு நாள் வெறும் வயிற்றில் 100 கிராம், மூன்று மணி நேரம், நான்கு முறை ஊசி. என் முதல் பிரசவத்தின்போது நான் இரண்டிலும் தேறவில்லை. "நான் இனிப்பே தொடுவதில்லையே!" என்று நர்ஸிடம் வாதாடினேன். "காலையில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். ஐந்து இட்லி, தேங்காய்ச் சட்னி. பதில் அதிலேயே இருந்தது.

நம்மவர்களுக்கு இது அதிகம் என்பது வெறும் பேச்சல்ல. அமெரிக்காவில் 2011 முதல் 2019 வரை முதல் குழந்தை பெற்ற பெண்களின் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2021 இல் ஒரு ஆய்வு வெளியானது. 2019 இல் மொத்தத்தில் ஆயிரம் பிரசவத்துக்குச் சுமார் 64 பேருக்கு கர்ப்பகால நீரிழிவு இருந்தது. இந்திய வம்சாவளிப் பெண்களில் அது ஆயிரத்துக்குச் சுமார் 129, அதாவது இரண்டு மடங்கு. ஒல்லியாக இருப்பவர்களும் தப்புவதில்லை. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. அதை ஈடுகட்டும் அளவுக்குக் கூடுதல் இன்சுலின் சுரக்காவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. குழந்தை தானே அதிகம் இன்சுலின் சுரந்து, அளவுக்கு மீறிக் கொழுத்து, பிரசவம் கடினமாகலாம். பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்தும் போகலாம்.

நம் ஊர்க்காரர் ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். சென்னை டாக்டர் வீ. சேஷய்யா, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தச் சோதனை வேண்டும் என்று பல ஆண்டுகள் வலியுறுத்தியவர். வெறும் வயிற்றில்தான் வர வேண்டும் என்றால் கிராமத்துப் பெண் இன்னொரு முறை பஸ் ஏறி வருவாளா? அதனால், சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் க்ளூகோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு முறை பார்ப்போம், 140 அல்லது அதற்கு மேல் என்றால் சிகிச்சை, என்று எளிதாக்கினார். இந்தியாவில் மார்ச் 10, அவருடைய பிறந்தநாள், கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது.

சரி, என்னதான் சாப்பிடுவது? பட்டினி வேண்டாம். "இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்பதும் வேண்டாம். முதல் மூன்று மாதம் கூடுதலாக எதுவும் தேவையில்லை, நடு மூன்று மாதத்தில் நாளுக்குச் சுமார் 340 கலோரி, கடைசி மூன்றில் சுமார் 450 கூடினால் போதும். வேக வைத்த சாதம் மூன்றில் ஒரு கப் என்றால் 15 கிராம் மாவுச்சத்து. அளக்கும்போது கவனம்: ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி, அமெரிக்கக் கப் சுமார் 240. காலையில்தான் சர்க்கரை எளிதில் ஏறும். ஆகவே ஐந்து இட்லியை இரண்டாக்கி, சாம்பாரில் காயும் பருப்பும் கெட்டியாகப் போட்டு, கூட ஒரு முட்டையோ கொண்டைக்கடலைச் சுண்டலோ வையுங்கள். கேழ்வரகுக் கூழ் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நைசாக அரைத்துக் கரைத்த மாவு எதுவானாலும் சீக்கிரம் ஏறும். சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிட நடை மிகவும் உதவும். நியூ ஜெர்சி ஜனவரியில் எங்கே நடப்பது? நான் மாலுக்குள் நடந்தேன். பொதுவாக வைக்கும் இலக்கு: வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழ், இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழ். உணவால் இறங்கவில்லை என்றால் இன்சுலின் போட்டுக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

வளைகாப்புக்கு ஐந்து வகை சாதம் செய்வார்களே? செய்யட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி, தயிர் சாதத்தில் நிறைய வெள்ளரி, சர்க்கரைப் பொங்கல் ருசிக்கு. பெரியம்மாவின் பப்பாளி எச்சரிக்கை காய்க்கும் அரைப்பழத்துக்கும் பொருந்தும், நன்றாகப் பழுத்ததற்கு அல்ல. மீன் சாப்பிடுபவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: எஃப்.டி.ஏ. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்கச் சொல்லும் பட்டியலில் பாதரசம் மிகுந்த சுறாவும் கிங் மேக்கரலும் உண்டு. நம் வஞ்சிரமும் கிங் மேக்கரல் இனம்தான். பால் சுரக்கச் சுறாப் புட்டு என்று அம்மா சொன்னால் மெதுவாக மறுத்துவிட்டு நெத்திலியோ மத்தியோ வாங்கித் தரச் சொல்லுங்கள்.

இனித் தையல் மெஷின். பழைய காட்டன் புடவைகளை அடுக்கித் தைத்த மெத்தென்ற போர்வைக்கு ஈடு கிடையாது. ஆனால் அது தொட்டிலுக்குள் போகக் கூடாது. ஓராண்டு நிறையும்வரை குழந்தை உறங்கும் இடத்தில் போர்வை, தலையணை, பொம்மை எதுவும் வேண்டாம், கெட்டியான சமமான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம். குப்புறப் படுக்க வைக்காதீர்கள் என்று 1992 இல் அவர்கள் சொல்லத் தொடங்கிய பிறகு தொட்டில் மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்புகளின் விற்பனையை 2022 இல் சட்டமே தடை செய்தது. குரோஷே குல்லாயும் வெளியே போகும்போதுதான், வீட்டுக்குள் தூங்கும்போது சூடு அதிகமாகிவிடும்.

புடவைத் தூளி? இங்கேதான் பாட்டிமாரோடு சண்டை வரும். நாமெல்லாம் அதில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் துணி வளைவில் தாடை நெஞ்சோடு ஒட்டினால் பச்சைக்குழந்தைக்கு மூச்சு முட்டும். ஆட்டித் தூங்க வைப்பதை மடியில் செய்யலாம், தூங்கியதும் தொட்டிலுக்கு மாற்றிவிடலாம். நீங்கள் தைத்த போர்வை வீணாகாது. விழித்திருக்கும் நேரத்தில் தரையில் விரித்து, பக்கத்தில் உட்கார்ந்து குப்புறப் போட்டுப் பழக்க அதைவிட நல்லது இல்லை.

பூஜை அலமாரியைப் பற்றிச் சுருக்கமாக. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் நியூ ஜெர்சிக் கடைகளிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 சிந்தூரப் பொடிகளைச் சோதித்து 2017 இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் பலவற்றில் எஃப்.டி.ஏ. வரம்புக்கு மேல் ஈயம். தாயின் ரத்தத்தில் உள்ள ஈயம் குழந்தைக்கும் போகும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஸ்டிக்கர் பொட்டு போதும். குழந்தைக்குக் கண் மை வேண்டவே வேண்டாம். நியூயார்க் நகரில் 2011, 2012 ஆண்டுகளில் ஆறு கர்ப்பிணிகளுக்கு ஈய நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. காரணம் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரைகள். ஆகவே பெயர் தெரியாத பொட்டலத்தில் வரும் பிரசவ லேகியத்தைவிட, சுக்கும் ஓமமும் வாங்கி வீட்டில் கிளறியது மேல். சர்க்கரை இருந்தவர்கள் அதில் போடும் வெல்லத்தையும் கணக்கில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம்.

தைத்தும் சமைத்தும் பார்த்தும் அழுகை நிற்கவில்லை, தூக்கம் இல்லை என்றால் அதை "ஹோம்சிக்" என்று ஒதுக்காதீர்கள். 1-833-852-6262 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். கர்ப்பிணிகளுக்கும் புதுத் தாய்மாருக்கும் என்றே 2022 இல் தொடங்கியது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. பிரசவத்தோடு சர்க்கரை போய்விட்டது என்று பலர் மறந்துவிடுகிறோம். கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வருகிறது. குழந்தை பிறந்து 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் சோதனை ஒருமுறை செய்ய வேண்டும், அதன்பின் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. லேபில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். அம்மா ஊருக்குத் திரும்புமுன் முடித்துவிடுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அப்போது வீட்டில் ஆள் இருக்கும்.