கொழுந்துக்கு ஆகாத புகை குழந்தைக்கு ஆகுமா?

தேயிலைத் தொழிற்சாலைக்குள் சென்று பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். கொழுந்தை உலர்த்தும் இயந்திரத்தின் உலையில் விறகு எரிகின்றது. ஆயினும் அவ்விறகின் புகை இம்மியளவேனும் தேயிலையைத் தீண்டுவதில்லை. உலையின் வெப்பம் இரும்புக் குழாய்களைக் காய்ச்சுகின்றது. அக்குழாய்களைத் தழுவி வரும் சுத்தமான காற்றுச் சூடேறித் தேயிலையை உலர்த்துகின்றது. புகையோ உயர்ந்த புகைபோக்கி வழியே வெளியேறி விடுகின்றது. இத்தனை ஏற்பாடும் எதற்காக? புகை நாற்றம் ஏறிய தேயிலைக்குச் சந்தையில் மதிப்பில்லை என்பதற்காகவே.

ஆதியில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரை தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிடத் தொடங்கினார். அவர் தமது பங்களா விறாந்தையிலேயே கொழுந்தைக் கையால் உருட்டுவித்து, மண் அடுப்புகளில் கரி நெருப்பின்மேல் கம்பித் தட்டுகளை வைத்து உலர்த்தினார். 1870களில் சாமுவேல் டேவிட்சன் என்பவர் 'சிரோக்கோ' என்னும் உலர்த்தும் பொறியை அமைத்தார். அன்று முதல் தேயிலை சிறிது சிறிதாகத் திறந்த அடுப்பை விட்டு விலகி விட்டது. ஆனால், அத்தேயிலையைக் கொய்து தருகின்ற தாயின் அடுப்படி இன்னும் பல இடங்களில் டெய்லர் காலத்து மண் அடுப்போடுதான் நிற்கின்றது. கொழுந்துக்கு ஆகாத புகை அவளுக்கும் அவள் முதுகில் தூங்கும் குழந்தைக்கும் ஆகுமா என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

லயத்து அடுப்படி

மலைநாட்டு லயங்களின் அமைப்பை நம் வாசகர்கள் அறிவர். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். பழைய காம்பரா ஒன்றின் அளவு பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒரு குறுகிய இஸ்தோப்பு. அதன் ஒரு மூலையை மறைத்தோ, காம்பராவின் உள்ளேயோ, பின்புறம் ஒரு தகரச் சாய்ப்பை இறக்கியோ அடுப்பு மூட்டுகின்றார்கள். கவ்வாத்து வெட்டிய செடிகளின் மிலாறும், நிழல் மரக் கிளைகளும், காட்டோரம் பொறுக்கிய சுள்ளிகளுமே விறகு. மழைக்காலத்தில் அவை நன்கு காய்வதில்லை. ஈர விறகு எரிவதை விடப் புகைவதே அதிகம்.

இதனோடு குளிரும் சேர்ந்து கொள்கின்றது. அட்டன் நகரம் கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேலும், நுவரெலியா 6,000 அடிக்கு மேலும் உயர்ந்தவை. விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குச் செல்வதற்குள் ரொட்டி சுட்டு, தேநீர் வைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தம் செய்ய வேண்டிய தாய், கதவையும் சன்னலையும் திறந்து வைப்பாளா? குளிர் உள்ளே வராதபடி அடைக்கின்றாள். புகையும் வெளியே போகாதபடி அடைபட்டு விடுகின்றது. மாலையிலும் இதே கதைதான். குழந்தைகளும் முதியோரும் குளிர்காய்வதற்காக அடுப்பைச் சுற்றியே அமர்கின்றனர். ஆக, வீட்டில் மிக இளையவரும் மிக மூத்தவரும் தாயோடு சேர்ந்து புகையின் நடுவிலே இருக்கின்றார்கள்.

இது மலைநாட்டுக்கு மாத்திரம் உரிய பிரச்சினை அன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 100 குடும்பங்களில் ஏறக்குறைய 78 விறகையே முதன்மை எரிபொருளாகக் கொண்டிருந்தன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு சிலிண்டர் கிடையாமற் போனபோது, நகரத்து வீடுகளிலும் விறகடுப்பு மீண்டும் எரிந்தது. ஆயினும் காற்றோட்டமில்லாத சிறிய இடம், ஈர விறகு, ஓயாத குளிர் ஆகிய மூன்றும் ஒருங்கே சேர்ந்திருப்பது தோட்டங்களிலேதான்.

புகையில் இருப்பது என்ன?

கண்ணைக் கரிக்கச் செய்வதையே நாம் புகையின் குற்றமாகக் கருதுகின்றோம். உண்மையில் கண்ணுக்குத் தெரியாத பகுதியே கொடியது. விறகு முற்றாக எரியாதபோது எண்ணற்ற நுண்துகள்கள் தோன்றுகின்றன. இவற்றுள் 2.5 மைக்குரோமீற்றருக்கும் குறைந்தவை தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே ஆகும். மூக்கிலுள்ள மயிரும் தொண்டையிலுள்ள சளியும் இவற்றைத் தடுக்க மாட்டா. அவை சுவாசப்பையின் கடைசிச் சிற்றறை வரை சென்று தங்குகின்றன; அங்கு அழற்சியை உண்டாக்குகின்றன; மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. ஒரு கனமீற்றர் காற்றில் இத்துகள்கள் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்குரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021ஆம் ஆண்டில் விதித்தது. அடைத்த அடுப்படியில் சமையல் நடக்கும் வேளையிலோ இது பல நூறாக உயர்கின்றது.

அடுத்தது காபனோரொட்சைட்டு வாயு. இதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதிலும் இருநூறு மடங்குக்கு மேலாக இவ்வாயுவைப் பற்றிக் கொள்ளும். கர்ப்பிணித் தாய் இதனைச் சுவாசித்தால், வயிற்றிலிருக்கும் சிசுவுக்குச் சேர வேண்டிய ஒட்சிசன் குறைந்து போகின்றது. குளிருக்காகக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவை அடைத்துத் துயில்வோர் மறுநாள் எழாமலே போவதும் இவ்வாயுவினாலேதான்.

நாட்பட்ட இருமல், மூச்சுத் தடை நோய், சுவாசப்பைப் புற்றுநோய், மாரடைப்பு, பாரிசவாதம், குழந்தைகளுக்கு வரும் நியுமோனியா ஆகியவற்றுக்கும் வீட்டுப் புகைக்கும் தொடர்பு உண்டு. கண்புரைக்கும் இதற்கும் தொடர்பிருப்பதாக ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 இலட்சம் பேர் வீட்டுப் புகையினால் அகால மரணமடைந்தனர் என்றும், அவர்களுள் 2,37,000க்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டது. ஒரு சுருட்டையும் வாயில் வைத்தறியாத பெண், சுருட்டுக் குடியருக்கு வரும் நோயால் மூச்சிரைக்கின்றாள் என்றால், அதற்குக் காரணம் அவள் அடுப்பாக இருக்கலாம்.

பிற நாடுகள் கண்ட அனுபவம்

அடுப்பை மாற்றினால் நோய் குறையுமா? இக்கேள்விக்கு விடை தேடிய முயற்சிகளுள் முக்கியமானது மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில் நடந்தது. அதுவும் நம் நுவரெலியாவைப் போன்ற குளிர் மிக்க மலைநாடே. பேராசிரியர் கேர்க் ஸ்மித்தும் அவர் குழுவினரும் 2002 முதல் 2004 வரை ஐந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்களை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்குப் புகைபோக்கியுள்ள அடுப்பை முதலிற் கட்டிக் கொடுத்தனர். மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்தபின் கொடுத்தனர். 2011ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, புகைபோக்கி அடுப்புள்ள வீட்டுக் குழந்தைகள் சுவாசித்த புகை ஏறக்குறைய பாதியாயிற்று. கடுமையான நியுமோனியா மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது. ஆனால் நியுமோனியா அனைத்தையும் சேர்த்துப் பார்த்தபோது ஐயத்துக்கிடமற்ற குறைவு காணப்படவில்லை.

நம் அயலிலுள்ள தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், விழுப்புரம் மாவட்டங்களும் இடம்பெற்ற நான்கு நாட்டு ஆய்வொன்றில், கர்ப்பிணிகளுக்கு எரிவாயு இலவசமாக வழங்கப்பட்டது. அவர்கள் சுவாசித்த நுண்துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆயினும் பிறந்த குழந்தைகளின் நிறை குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்று 2022ஆம் ஆண்டில் அறிவித்தனர். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. குழந்தையின் நிறை தாயின் உணவு, இரத்தச்சோகை, ஓய்வு முதலிய பலவற்றைப் பொறுத்தது; அடுப்பு ஒன்றை மாற்றி எல்லாவற்றையும் மாற்றிவிட இயலாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

அதற்காகப் புகை தீங்கற்றது என்று முடிவு கட்டுவது பெருந்தவறு. சுவாசப்பையின் கேடு மாதக் கணக்கில் அன்று, பல்லாண்டுக் கணக்கில் முற்றுவது. சீனாவின் சுவான்வெய் பிரதேசத்தில் வீட்டினுள் நிலக்கரியை எரித்த குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். புகைபோக்கி அமைத்த வீட்டாரிடம் சுவாசப்பைப் புற்றுநோய் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்திருக்கக் கண்டார்கள். எரிபொருள் மாறவில்லை, புகைக்கு ஒரு வழி விட்டார்கள், அவ்வளவே.

"எங்கள் பாட்டி எண்பது வயது வரை இதே அடுப்பில்தானே சமைத்தாள்?" என்று கேட்போர் உண்டு. எண்பது வரை வாழ்ந்த பாட்டி நம் கண் முன் இருக்கின்றாள். ஐம்பதில் இருமி மறைந்தவளும், தொட்டிலிலேயே மூச்சடைத்த குழந்தையும் சாட்சி சொல்ல வரமாட்டார்கள் அன்றோ?

செய்யக் கூடியவை

எரிவாயுவும் மின்சாரமும் எல்லா வீட்டிலும் எரிந்தால் நன்று. நாட்கூலியை எண்ணிச் செலவிடும் குடும்பத்துக்கு அது எளிதன்று. ஆதலால் இன்றே இயன்றவற்றைக் கூறுவோம்.

முதலாவது, விறகை உலர்த்துதல். மிலாற்றைச் சிறிதாக வெட்டி, மழைபடாத இடத்தில் காற்றுப் புகும்படி அடுக்கி வைத்து எரித்தால் புகை வெகுவாகக் குறையும். இரண்டாவது, அடுப்பு. 1980களில் நம் நாட்டிலேயே உருவான 'அனகி' என்னும் இரட்டை வாய் மண் அடுப்பு, மூன்று கல் அடுப்பிலும் குறைந்த விறகில் இரு பாத்திரங்களை ஒருங்கே சூடாக்கும். விலையும் குறைவு. ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது என்பதை மறக்கலாகாது. அடுப்புக்கு நேர் மேலே கூரையிலோ, சுவரின் உச்சியிலோ புகை வெளியேற வழி அமைத்தல் வேண்டும். மூன்றாவது, பயறு, கடலை முதலியவற்றை முன்னிரவே ஊற வைத்தும், பானையை மூடியும் சமைத்தால் அடுப்பெரியும் நேரம் குறையும். நான்காவது, நெருப்பு மூட்டுவதற்குப் பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் இடுவதை அறவே விட வேண்டும். ஐந்தாவது, கைக்குழந்தையை முதுகிற் கட்டிக்கொண்டு சமைப்பதைத் தவிர்த்து, வேறொருவர் கையில் கொடுங்கள். சமையல் முடியும் வரை பிள்ளையை வெளியே வைத்திருப்பது வீட்டு ஆண்களால் இயலாத காரியமா? இருமலோடு வைத்தியரிடம் செல்லும் தாய்மார், தாம் விறகடுப்பில் சமைப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆயினும் எல்லாப் பாரத்தையும் தாய்மார் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. லயத்துக் காம்பரா அவர்களுக்குச் சொந்தமானதன்று. கூரையில் ஒரு தகட்டை நீக்குவதற்கும் நிருவாகத்தின் இணக்கம் வேண்டும். எனவே புகைபோக்கி அமைப்பது தோட்ட நிருவாகங்களும், தொழிற்சங்கங்களும், அரசும் சேர்ந்து ஏற்க வேண்டிய பொறுப்பு. 2017ஆம் ஆண்டில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர், முன்னர் ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகளை மலைநாட்டுக்கு அறிவித்தார். ஏழு பேர்ச் நிலத்தில் 550 சதுர அடி வீடு என்பது லயத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றமே. கட்டப்படும் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படிக்குப் புகைபோக்கி உண்டா என்று கேட்பது நம் உரிமை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் லயத்தில் எத்தனை அடுப்படிக்குப் புகை வெளியேற வழியுண்டு, எத்தனை வீட்டில் நாட்பட்ட இருமலோடு ஒருவர் இருக்கின்றார் என்று ஒரு விடுமுறை நாளில் கணக்கெடுத்துப் பாருங்கள். அந்தத் தாளை உங்கள் ஆசிரியரிடமும், தோட்டத்துச் சுகாதார உத்தியோகத்தரிடமும் கொடுங்கள். அதைப் பெற்றுக்கொண்டவர் பதில் சொல்லும் வரை, மரியாதையோடு மீண்டும் மீண்டும் கேளுங்கள். சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுதலாம். மூச்சு இருந்தால்தானே கல்வியும் உழைப்பும்!